ஸ்ட்ரோக்கைக் கூட்டிய புல்லட்டுக்குப் பழைய புஷ்ராடு போதாது

சென்ற கோடையில் ஒரு மதிய வேளையில், பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட 350 சிசி புல்லட் ஒன்றை எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து தள்ளிக்கொண்டே காலடிப்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஓர் இளைஞர் கொண்டுவந்தார். ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்தை, கூட்டிச் செய்த எஞ்சின் அது. ஓடியது நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. கேம் சுழன்று டாப்பெட்டைத் தள்ள, டாப்பெட் புஷ்ராடு என்னும் நீண்ட கம்பியைத் தள்ள, அது ராக்கர் என்னும் நெம்பை அசைத்து வால்வைத் திறப்பதுதான் இந்த எஞ்சினின் முறை. டாப்பெட் மூடியைக் கழற்றியதும் காரணம் கண்ணில் பட்டது. புஷ்ராடின் அடியில் உள்ள சரிசெய்யும் திருகை முழுக்க வெளியே எடுத்திருந்தார்கள். கலவை உள்ளே வரும் இன்லெட் பக்கத்துத் திருகு இரண்டே மரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்துத் திருகு வளைந்தே போயிருந்தது.

“அண்ணா, கிராங்குக்கே காசு கரைஞ்சிடுச்சு. கேமும் புஷ்ராடும் கைக்குக் கிடைச்சதைப் போட்டுக்கலாம்னு சொன்னாங்க” என்றார். இந்த வார்த்தைகளை நான் கேட்பது இது முதல் முறையன்று. என்ஃபீல்டு ஆலை இருக்கும் திருவொற்றியூரைச் சுற்றிலும் புல்லட்டைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. நல்ல லேத் பட்டறைகளும் இருக்கின்றன. ஆயினும் ஸ்ட்ரோக்கைத் தீர்மானிக்கும் கிராங்குக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட கேமுக்குக் காட்டுபவர்கள் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

350 சிசி புல்லட்டின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; கொள்ளளவு 346 சிசி. ஸ்ட்ரோக்கை 100 மி.மீ. ஆக்கினால் அது சுமார் 385 சிசி ஆகிறது. அந்தப் பத்து மில்லிமீட்டரில் பாதி மேலேயும் பாதி கீழேயும் போவதால், பிஸ்டன் முன்பைவிட 5 மி.மீ. மேலே ஏறி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை இடிக்க வரும். அதைத் தவிர்க்கக் குட்டையான பிஸ்டனோ கனெக்டிங் ராடோ போட வேண்டும், அல்லது பேரலின் (சிலிண்டரின்) அடியில் 5 மி.மீ. தகடு வைக்க வேண்டும். தகடு வைத்தால் ஹெட்டும் ராக்கரும் 5 மி.மீ. உயர்ந்துவிடுகின்றன, ஆனால் கேமும் டாப்பெட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இடையில் உண்டான தூரத்தைப் புஷ்ராடு நிரப்ப வேண்டுமே தவிர, திருகை நீட்டி நிரப்பக் கூடாது. அந்த இளைஞரின் வண்டியில் நடந்தது இதுதான். பின்னாளில் வந்த, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யூசிஇ எஞ்சின்களில், எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் என்பதால் சரிசெய்யத் திருகே கிடையாது. அங்கே நீளம் குறைந்த புஷ்ராடைப் போட்டால் சத்தம்தான் மிஞ்சும், வால்வு முழுதாகத் திறக்காது.

கேமைத் தேர்வதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 5,500 ஆர்பிஎம் போகும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர். 100 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அதே வேகம் 4,950 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. அதாவது, கனெக்டிங் ராடும் பிஸ்டனும் தாங்கும் எல்லை கீழே இறங்கிவிட்டது. அதற்கு மேல் சுற்றினால்தான் சக்தியைக் காட்டும் ரேஸ் கேமை இந்த எஞ்சினில் மாட்டுவதால் என்ன பயன்? அத்தகைய கேம், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பின்னும் வெகுநேரம் இன்லெட் வால்வைத் திறந்தே வைத்திருக்கும். வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாய்ந்து வரும் காற்று தன் உந்துதலாலேயே சிலிண்டரை நிரப்புவதால் அது நன்மை. மெதுவாகச் சுற்றும்போதோ, பிஸ்டன் அந்தக் கலவையை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் துளிகள் பனிபோல் தெறித்து நிற்பது தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு இது எமன். ஸ்ட்ரோக்கைக் கூட்டிப் பெற்ற இழுவை முழுவதையும் அந்தக் கேம் தின்றுவிடும்.

ஆனால் தொழிற்சாலைக் கேமையே வைத்துக்கொள்வதும் எப்போதும் சரியாகாது. ஹெட்டில் கலவை எரியும் அறையை மாற்றாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் கூட்டினால், யூசிஇ எஞ்சினில் 8.5 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு) ஏறத்தாழ 9.3 ஆகிறது. இன்லெட் வால்வு சீக்கிரம் மூடினால் அந்த அழுத்தம் முழுவதும் உள்ளே அடைபட்டு, சாதாரண பெட்ரோலில், மே மாத வெயிலில், காற்றால் மட்டும் குளிரும் எஞ்சின் தட்டத் தொடங்கும். ஆகவே லிஃப்ட் (வால்வு எழும் உயரம்) சற்றுக் கூடுதலாகவும், மூடும் நேரம் கிராங்கின் சுழற்சியில் சில டிகிரிகள் மட்டும் பிந்தியும் உள்ள கேமே என் தேர்வு. கொள்ளளவு கூடிய எஞ்சினில் அதே கேம் முன்பைவிடச் சாதுவாக நடந்துகொள்ளும் என்பதால் இந்த அளவு மாற்றத்தை அது ஏற்றுக்கொள்ளும்.

கேம் எத்தனை டிகிரி வால்வைத் திறந்து வைத்திருக்கும் என்ற கணக்கைக் காட்டி விற்பவர்களிடம், எந்த லிஃப்டில் அளந்தது என்று கட்டாயம் கேளுங்கள். வால்வு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளந்த எண்ணையும், 1.27 மி.மீ. லிஃப்டிலிருந்து அளந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. தேய்ந்த கேமை மறுபடி கிரைண்டிங் செய்து வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: அப்படிச் செய்யும்போது பெரும்பாலும் கேமின் அடிவட்டம் (முட்டு இல்லாத வட்டப் பகுதி) சிறுத்துவிடும். டாப்பெட் அந்த அளவு தாழ்ந்து உட்காரும், புஷ்ராடின் நீளம் மீண்டும் மாறும்.

எல்லாவற்றிலும் அதிகம் தவிர்க்கப்படும் சோதனை, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே போதிய இடைவெளி உண்டா என்று குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் பார்ப்பது. பிஸ்டன் தலையில் அதை அப்பி, வால்வில் ஒட்டாதிருக்க ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையாலேயே மெதுவாக முழுதாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றி, களிமண்ணைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளக்க வேண்டும். இன்லெட்டுக்கு 2 மி.மீ., சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. இடைவெளியாவது இருந்தால்தான் நான் எஞ்சினை மூடுவேன். ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள எஞ்சினில், அது அமுங்கிக்கொடுத்து இடைவெளியை அதிகமாகக் காட்டும் என்பதால், சோதனைக்கு மட்டும் அமுங்காத டாப்பெட்டைப் போட வேண்டும். எதிரெதிரே சாய்ந்து நிற்கும் இரு வால்வுகளும் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். கூடுதல் லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் முழுதாக ஒட்டிவிடக் கூடாது. ஒன்றரை மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் வாடிக்கையாளர்களிடம் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. சிசி அந்த விவரங்களில் ஒன்று. ஆதலால் இத்தகைய எஞ்சினின் இடம் பந்தயத் தடம், தெரு அல்ல.

அந்த இளைஞரின் எஞ்சினில் களிமண் இன்லெட் பக்கம் 1.3 மி.மீ. மட்டுமே காட்டியது. பிஸ்டனில் வால்வுக்கான குழியை 0.9 மி.மீ. ஆழப்படுத்தினோம். அதிலிருந்த ரேஸ் கேமை எடுத்துவிட்டு, மேலே சொன்ன வகைக் கேமைப் போட்டோம், 5 மி.மீ. நீளமான புஷ்ராடுகளைச் செய்வித்தோம். ராக்கர் முனையில் மை தடவிச் சுற்றியபோது, வால்வுத் தண்டின் தலையில் தடம் நடுவிலேயே விழுந்தது. குளிர்ந்த எஞ்சினில் புஷ்ராடு மேலும் கீழும் ஆடாமல், இரண்டு விரல்களுக்கிடையே தடையின்றிச் சுழன்றது. இப்போது இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மட்டும் அதை ஓட்டுகிறார். எஞ்சினின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரில் 4,900-க்கு நேரே அவரே சிவப்பு நாடா ஒட்டி வைத்திருக்கிறார்.