நேரம் குறையும்போது எதைக் குறைக்கக் கூடாது: பணிக்குச் செல்லும் பல் சுகாதார மாணவர்களுக்கு

பல் சுகாதாரப் படிப்பை முடித்துப் பணிக்குச் செல்லும் மாணவர்களிடம் கைத்திறன் குறைவாக இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ஒரே நோயாளிக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பயிற்றுநர் வந்து பார்த்துக் கையெழுத்திடும் சூழலில் அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். அதே வேலையைச் சுமார் ஒரு மணி நேரத்திற்குள், சரிபார்க்க ஆளில்லாமல், அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கும்போது செய்ய நேரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. வேகம் பழகப் பழக வந்துவிடும். ஆனால் எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கவே கூடாது என்ற தெளிவு தானாக வருவதில்லை. அதைப் படிக்கும் காலத்திலேயே கற்பித்தாக வேண்டும்.

பெரும்பாலும் முதலில் சுருக்கப்படுவது ஈறுப் பையின், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள இடைவெளியின், ஆழத்தை அளக்கும் வேலைதான். ஒரு பல்லுக்கு ஆறு இடங்கள் என்ற கணக்கில் 28 பற்களுக்கு 168 அளவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. சலிப்பூட்டும் வேலை என்பதை மறுப்பதற்கில்லை. இதை அளக்கும் கோடிட்ட மெல்லிய கருவியான வில்லியம்ஸ் புரோபில் 1, 2, 3 மில்லிமீட்டர் கோடுகளுக்கு அடுத்து நேராக 5 வருகிறது. நான்குக்குக் கோடே கிடையாது. 3 மில்லிமீட்டர் கோடு ஈறுக்குள் மறைந்து, 5 மில்லிமீட்டர் கோடு வெளியே தெரிந்தால், அந்த அளவை 4 என்று மாணவர் தாமே முடிவு செய்ய வேண்டும். 3 என்றால் ஆரோக்கியத்தின் எல்லைக்குள் அடங்கிவிடும், 4 என்றால் மேற்கொண்டு பார்த்தாக வேண்டும் என்பதால், அவசரப்படும் கை தன்னையறியாமல் 3 என்றே எழுதிவிடுகிறது. இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தின் அடியிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே புரோபைச் சற்றே சாய்த்து நடுப்பகுதி வரை கொண்டு செல்லாமல் நேராக நிறுத்தினால், பையின் மிக ஆழமான இடம் அளவுக்கே வராமல் போய்விடும்.

அழுத்தமும் அப்படித்தான். ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் வரையிலான மென்மையான அழுத்தம் போதும் என்று பாடத்தில் படித்தவர்களை, ஒரு சிறிய மின்னணுத் தராசின் மேல் புரோபை வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னால், பலர் அதைவிட மிக அதிகமாக அழுத்துவதைத் தாங்களே கண்டு வியக்கிறார்கள். வீங்கிய ஈறில் இந்தக் கூடுதல் அழுத்தம் இல்லாத ஆழத்தைக் காட்டும். நோயாளிக்கு வலியையும் தரும். புகைபிடிப்பவர்களிடம் நோய் முற்றியிருந்தாலும் அளக்கும்போது இரத்தக் கசிவு குறைவாகவே தெரியக்கூடும் என்பதால், கசிவு இல்லை என்பதை மட்டும் வைத்து அவர்களுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

பயிற்சிக்கான செயற்கைத் தாடையில் நாக்கு குறுக்கே வருவதில்லை, உமிழ்நீர் தேங்குவதில்லை, குமட்டலும் கிடையாது. அதில் பிழையின்றிக் காரையை (பல்லில் கெட்டியாகப் படிந்த படிவை) நீக்கியவர், உண்மையான வாயில் கீழ்க் கடைவாய்ப் பல்லின் நாக்குப் பக்கத்தில் விரலை ஊன்ற இடம் கிடைக்காமல் திணறுவது இயல்பே. திணறும் கை, காரையைச் சுரண்டி எடுக்கும் கருவியான கியூரெட்டை மழுங்கிய நிலையில் பிடித்திருந்தால், காரை பெயர்ந்து வராமல் வேரின் மீது வழவழப்பாக மெழுகப்பட்டுவிடும். பிறகு அதைக் கையால் உணர்வதே கடினம். பல் பரப்போடு கருவியின் முகப்பு 45 பாகைக்கு மேலும் 90 பாகைக்குக் கீழும் சாய்ந்திருக்க வேண்டும் என்ற விதி, விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் பயன் தரும். எனவே சாணை பிடிப்பதைத் தேர்வுக்கு முந்தைய நாள் வேலையாக வைத்துக்கொள்ளாமல், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பழக்க வேண்டும்.

நோயாளியின் உடல்நிலையைக் கேட்டறிவதிலும் நேரம் மிச்சப்படுத்தக் கூடாது. "ஏதாவது நோய் இருக்கிறதா?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பவரே, "தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் பெயரைச் சொல்வார். செயற்கை இதய வால்வு பொருத்தியவருக்குச் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் என்பதால், நாற்காலியில் அமர்த்திய பிறகு தெரிந்துகொண்டால் அன்றைய வேலையே தள்ளிப்போகும். ஐயம் எழும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் கேட்பதைத் திறமைக் குறைவாக எண்ணும் மாணவர்களைத்தான் நான் அதிகம் கண்காணிக்கிறேன்.

கிருமி நீக்கத்தைப் பற்றி ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். நீராவி அழுத்தத்தில் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கும் உறைமீது ஒட்டும் நாடா நிறம் மாறினால் அந்த உறை வெப்பத்திற்கு உட்பட்டது என்றுதான் பொருள். உள்ளே உள்ள கிருமிகள் அழிந்தன என்பதற்கு அது சான்றாகாது. அதற்கு வெப்பத்தை மிகவும் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளைக் கொண்டு அவ்வப்போது செய்யும் சோதனைதான் துணை.

கடைசிப் பருவத்தில் பயிற்சி முறையையே சற்று மாற்றலாம். நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, மாணவர் தம் அளவுகளை எழுதி முடிக்கும் வரை பயிற்றுநர் தம் அளவுகளைக் காட்டாமல் வைத்திருந்து, பிறகு இரண்டையும் ஒப்பிட்டால், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடும் இடங்கள் எவை என்பது வெளிப்படும். அவை எங்கெங்கோ சிதறாமல் வாயின் ஒரே மூலையில் திரும்பத் திரும்ப வந்தால், குறை பெரும்பாலும் அமரும் நிலையிலோ விரல் ஊன்றும் இடத்திலோ இருக்கும். அதைத் திருத்துவது எளிது. நேரத்திற்குள் முடியாத பகுதியை முடித்ததாகக் காட்டாமல், "கீழ் இடது கடைவாய்ப் பற்களின் நாக்குப் பக்கம் அடுத்த வருகைக்கு" என்று பதிவேட்டில் எழுதுபவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. குறைத்தால், மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்.

வேலைக்கான நேர்காணலில் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் தருவார்கள், தேய்ந்த கியூரெட்டுகளை எப்போது மாற்றுவார்கள், ஆழமாகச் சுத்தம் செய்தபின் நான்கு முதல் ஆறு வாரங்களில் மீண்டும் அளந்து பார்க்க நோயாளியை அழைக்கும் வழக்கம் உண்டா என்றும் கேளுங்கள்.