டிஸ்ரப்ஷன்: தடங்கலா, குலைவா?

தமிழில் மொழிபெயர்க்கும்போது டிஸ்ரப்ஷன் (disruption) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் நம் கை தானாக 'இடையூறு' என்று எழுதிவிடுகிறது. பாதி இடங்களில் அது பொருந்துவதே இல்லை, அதுதான் என் ஆதங்கம்.

லத்தீனில் ரும்பெரே என்றால் உடைப்பது. 'டிஸ்' என்ற முன்னொட்டு தனித்தனியாகப் பிரிவதைக் காட்டும், ஆக இரண்டும் சேர்ந்தால் உடைத்துப் பிரித்துப் போடுவது என்று பொருள். எரிமலை வெடிக்கும் இரப்ஷன், பேச்சில் குறுக்கிடும் இன்டரப்ஷன், ஊழலைச் சொல்லும் கரப்ஷன் எல்லாம் இதே வேர்தான். திவாலைக் குறிக்கும் பேங்க்ரப்ட்கூட இத்தாலிய மொழியில் 'உடைந்த பலகை' என்று இருந்து வந்தது, அந்தப் பலகை பணம் மாற்றுகிறவர் உட்கார்ந்து தொழில் செய்தது. 1843 மே மாதம் ஸ்காட்லாந்து திருச்சபையிலிருந்து 400-க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறித் தனிச்சபை அமைத்தார்களே, அதற்கு வரலாற்றில் 'டிஸ்ரப்ஷன்' என்றே பெயர். அங்கே எதுவும் தடைபடவில்லை, ஒன்றாக இருந்தது இரண்டாக உடைந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். இடை, ஊறு இரண்டும் சேர்ந்தது இடையூறு. ஊறு என்றால் கேடு. 'முடிவும் இடையூறும்' என்று குறள் 676 சொல்வதும் ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வழியில் குறுக்கே வந்து நிற்பதைத்தான், வேலை என்னவோ அப்படியேதான் இருக்கிறது. தடங்கலும் ஏறக்குறைய அதே இனம், கரண்ட் போய்த் திரும்ப வந்தால் அது தடங்கல். குலைவு அப்படியில்லை. இறுக்கிப் பின்னிய சடை அவிழ்ந்தால் முடி ஒன்றுகூடக் குறைவதில்லை, ஆனாலும் பின்னல் என்ற ஒன்று அங்கே இல்லை, அதைத்தான் சடை குலைந்தது என்கிறோம். நிலைகுலைந்தான், கட்டுக்குலைந்தது, சீர்குலைந்தது என்று எத்தனை சொல்கிறோம் பாருங்கள், எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு கலைந்துபோவதுதான் இருக்கிறது. லத்தீன் வேருக்கு மிக நெருக்கமான தமிழ்ச் சொல் இதுதான் என்பேன். எனவே ரயில் சேவை கொஞ்ச நேரம் நின்றால் தடங்கல், கூச்சல் போட்டு ஒரு கூட்டத்தையே நடக்கவிடாமல் செய்தால் சீர்குலைப்பு.

அப்புறம் தொழில் உலகின் டிஸ்ரப்ஷன். 1995-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர்கள் கிளேட்டன் கிறிஸ்டென்சனும் ஜோசப் போவரும் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவிய அர்த்தம் அது. ஆரம்பத்தில் எளியதாக, பெரிய நிறுவனங்கள் மதிக்காததாக இருக்கும் ஒரு பொருள், மெல்ல மேலேறிவந்து அவர்களையே சந்தையிலிருந்து தள்ளிவிடுவது. இதைச் 'சீர்குலைக்கும் தொழில்நுட்பம்' என்று எழுதினால் ஏதோ நாசவேலை மாதிரி ஒலிக்கிறது. நான் 'புரட்டிப்போடும் தொழில்நுட்பம்' என்றே எழுதுகிறேன், பெயர்ச்சொல்லாகவே வேண்டும் என்றால் 'தலைகீழ் மாற்றம்'.