பெரிய கோழி நல்லாட்டுதானே நிக்குது டாக்டரம்மா

போன ஜூன் மாசம், விடாம சாரல் அடிச்சுகிட்டிருந்த ஒரு நாள் காலைல எட்டு மணிக்கு கால்நடை ஆஸ்பத்திரி கதவ திறக்கிறேன், ஒரு அக்கா செருப்பு டப்பா ஒண்ண முந்தானைக்குள்ள மறைச்சு புடிச்சுகிட்டு நிக்கிறாங்க. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல வீடு. டப்பாக்குள்ள மூணு கோழிக்குஞ்சு, ரெண்டு இறக்கைய தொங்கப்போட்டு கண்ண மூடி நிக்குது, ஒண்ணு பஸ்லயே செத்துப்போச்சு. டப்பாவோட அடி அட்டையில செவப்பு செவப்பா கழிச்சல். இருபத்துநாலு குஞ்சு ஒரு நாள் வயசுல வாங்கினாங்களாம், இப்ப நாலாவது வாரம், வீட்டுல மிச்சம் இருக்கறது ஒம்பது.

செத்த குஞ்ச அறுத்து பாத்தா குருட்டுக்குடல் ரெண்டும் ரத்தம் கட்டி வீங்கி கெடக்கு. ரத்தக்கழிச்சல்தான், காக்சிடியோசிஸ்னு நாங்க சொல்றது. குஞ்ச எங்க வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். "எனக்க பழைய கூட்டுலதான், பெரிய கோழி ஏழெண்ணம் நிக்குல்லா, அதுக்க கூட. நடுவுல ஒரு சாக்கு கெட்டி மறைச்சேன். தந்தவன் ஏமாத்திப்போட்டான், சீக்கு புடிச்ச குஞ்சு. பெரிய கோழி எல்லாம் நல்லாட்டுதானே நிக்குது டாக்டரம்மா."

இந்த கடைசி வரிய நான் எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. தக்கலைல கேட்டிருக்கேன், கருங்கல்ல கேட்டிருக்கேன், படிச்ச வாத்தியார் சொல்லியும் கேட்டிருக்கேன். அதனாலதான் குஞ்ச ஏன் பெரிய கோழியோட விடக்கூடாது, எப்படி வளக்கணும்னு இத எழுதறேன்.

பெரிய கோழி நல்லா நிக்குதுன்னா அதுகிட்ட நோய் இல்லன்னு அர்த்தம் இல்லங்க. அது சின்ன வயசுல வாங்கி, சமாளிச்சு, எதிர்ப்புசக்தி வந்து நிக்குது, ஆனா கிருமிய இன்னும் எச்சத்துல போட்டுகிட்டே இருக்கும். ரத்தக்கழிச்சல் கிருமியோட முட்டை கண்ணுக்கு தெரியாது, எச்சத்தோட வெளிய வந்து ஈரமும் சூடும் கெடச்சா ஒண்ணு ரெண்டு நாள்லயே ஒட்டிக்கிற பக்குவத்துக்கு வந்துரும், நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுலயோ ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, ஈரத்துக்கு என்ன பஞ்சம். மண்ணுல மாசக்கணக்கா கெடக்கும். பினாயில் ஊத்தி கழுவினேன்னு சொல்லுவாங்க, சாதாரண பினாயிலுக்கெல்லாம் இது அசையாது, நல்ல வெயில்ல காயணும், பழைய உமிய மொத்தமா வாரி வெளிய கொட்டணும். அப்புறம் சளி, மூக்கொழுகல் வந்து சரியான கோழி இருக்கே, அதுல பல கோழி ஆயுசுக்கும் அந்த கிருமிய வச்சிருக்கும். மாரெக்ஸ்னு ஒரு வைரஸ் இருக்கு, அது கோழியோட இறகுல இருந்து உதிர்ற பொடியிலயே பரவும். ஒரு கால் முன்னாடி ஒரு கால் பின்னாடி நீட்டிகிட்டு ஒரு விடலைக்கோழி படுத்துக்கும் பாருங்க, அது பெரும்பாலும் குஞ்சா இருக்கும்போது வாங்கினது. ஹேச்சரில பொரிச்ச அன்னைக்கே இதுக்கு ஊசி போடலாம், ஆனா ஊசி வேல செய்யவே ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள கொண்டுபோய் பழைய கூட்டு தூசியில விட்டா ஊசி போட்டும் பிரயோஜனம் இல்ல.

இத சொன்னா அடுத்த கேள்வி ரெடியா வரும், எங்க பாட்டி காலத்துல எல்லாம் ஒண்ணாத்தானே வளந்துச்சுன்னு. வளந்துச்சு, இல்லங்கல. ஆனா அன்னைக்கு ஒரு தாய்க்கோழி, பத்து குஞ்சு, சுத்தி தென்னந்தோப்பு மொத்தமும் அதுக்கு, இன்னைக்கு இந்த மரத்து மூட்டுல கெளறினா நாளைக்கு அந்த மூட்டுல கெளறும். கிருமி கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள போகும், குஞ்சுக்கும் மெல்ல மெல்ல எதிர்ப்பு வரும். இப்ப நாலடி கூட்டுல இருபது குஞ்ச அடைச்சு, பழைய எச்சத்து மேலயே நிக்க வச்சா ஒரே நாள்ல மொத்தமா உள்ள போகுது. இன்னொண்ணும் உண்டு, பாட்டி பத்து பொரிச்சதுல நாலுதான் தேறுச்சு, பருந்து தூக்கினது போக மிச்சத்த யாரும் கணக்கு வைக்கல, அவ்வளவுதான்.

அதனால எட்டு வாரம் வரைக்கும் குஞ்சு தனி. ஒரே கூட்டுல சாக்கு கட்டி மறைக்கறது தனி கிடையாது. வேற ரூம், வேற திண்ணை, மாடிப்படிக்கு கீழ, எங்கயாச்சும். தண்ணி பாத்திரம் தனி, தீனி பாத்திரம் தனி, முக்கியமா செருப்பு தனி. செருப்பு சொன்னா சிரிக்கிறாங்க. பெரிய கோழிக்கூட்டுல மிதிச்ச அதே ரப்பர் செருப்போட குஞ்சுகிட்ட போனா நீங்களே கிருமிய கொண்டுபோய் டெலிவரி பண்றீங்க. காலைல எந்திரிச்சதும் முதல்ல குஞ்சு, பொறவு பெரிய கோழி, இந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க. பிள்ளைங்க குஞ்ச கையில எடுத்து முத்தம் குடுக்கும், ஆசைதான், ஆனா சால்மோனெல்லான்னு ஒரு வயித்துப்போக்கு கிருமி மனுசனுக்கும் வரும், சோப்பு போட்டு கை கழுவ வைங்க.

இனி சூடு. இதுல நானே மாட்டினவ, அத சொல்லிடறேன். வேலைக்கு வந்த புதுசுல எங்க வீட்டுக்கு பதினஞ்சு குஞ்சு வாங்கினேன், கார் ஷெட்டுல அட்டைப்பெட்டிய வச்சு மேல ஒரு பல்ப தொங்கவிட்டு, டாக்டர்ன்னு ஒரு தைரியத்துல போய் படுத்துட்டேன். காலைல பாத்தா ஒரு மூலையில குவிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஆறு செத்து கெடக்கு. மாட்டினது எல்இடி பல்பு. வெளிச்சம் பளிச்சுன்னு இருக்கு, சூடு துளி இல்ல. எங்கம்மா ஒரு வாரம் என்கிட்ட டாக்டரேன்னுதான் பேசினாங்க. பழைய குண்டு பல்புதான் வேணும், இப்ப எல்லா கடையிலயும் கெடைக்காது, தேடித்தான் வாங்கணும், இருபத்தஞ்சு குஞ்சுக்கு ஒரு 60 வாட்ஸ் பல்பு சாதாரணமா போதும். முதல் வாரம் குஞ்சு நிக்கிற மட்டத்துல 35 டிகிரி, அப்புறம் வாரம் மூணு டிகிரி மாதிரி குறைச்சுகிட்டே வரணும், பல்ப கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்கினாலே போதும், நாலு அஞ்சு வாரத்துல இறகு மூடிரும், பல்பு வேண்டாம். தெர்மாமீட்டர் இல்லன்னாலும் குஞ்சே சொல்லும்: பல்புக்கு கீழ குவிஞ்சு கத்துச்சுன்னா குளிருது, ஓரத்துக்கு ஓடி வாய திறந்து இரைச்சா சூடு அதிகம், பரவலா கெடந்து தூங்குச்சுன்னா சரி. ஏப்ரல் மே மாசத்துல பகல்ல பல்ப அணைச்சே வைக்கலாம், சூட்டுலயும் சாகும். பெட்டிய விட தகரத்தயோ அட்டையயோ வட்டமா வளைச்சு வைக்கறது நல்லது, மூலை இருந்தாத்தான் குவியும்.

ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் உள்ளவங்களுக்கு ஒண்ணு. உங்க ஊரு காத்து கரண்ட் எடுக்கிற காத்தாடிக்கு நல்லது, குஞ்சுக்கு ஆகாது. பல்பு எவ்வளவு எரிஞ்சாலும் தரையோட வர்ற காத்து சூட்ட அள்ளிட்டு போயிரும், ஒன்றரை அடிக்கு சுத்தி மறைச்சுட்டு மேல மட்டும் காத்தோட்டம் விடுங்க. மேற்க அருமனை, பேச்சிப்பாறை பக்கம் காத்து பிரச்சனை இல்ல, கரண்ட் பிரச்சனை, மழை பெஞ்சா ரப்பர் மரம் கம்பி மேல விழும். 2017 நவம்பர் 30 ஒக்கி அடிச்சப்ப நாள்கணக்கா கரண்ட் இல்ல, அப்ப ஒரு வீட்டுல சுடுதண்ணிய பாட்டில்ல ஊத்தி துணி சுத்தி குஞ்சுக்கு நடுவுல வச்சு, மூணு மணிநேரத்துக்கு ஒருக்க மாத்தி, ஒண்ணு கூட சாகாம காப்பாத்தினாங்க. அதே நேரம் இன்னொரு வீட்டுல மூடின ரூமுக்குள்ள சட்டியில கரி கங்கு வச்சாங்க, புகையே இல்லன்னாலும் கங்குல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு கொல்லும், குஞ்சு மொத்தமும் போச்சு. அந்த ரூமுல மனுசங்க படுக்காம இருந்தது புண்ணியம்.

அடியில உமியோ காஞ்ச நார்க்கழிவோ ரெண்டு இஞ்ச். பூஞ்சை வாடை அடிக்கிற உமி வேண்டவே வேண்டாம், நுரையீரல்ல பூஞ்சை புடிச்சா மருந்து கிடையாது. முதல் ரெண்டு மூணு நாள் உமியவே தீனின்னு கொத்தி திங்கும், அதனால மேல பழைய சாக்கோ சொரசொரப்பான துணியோ விரிங்க, வழவழ பேப்பர் மட்டும் விரிச்சா கால் வழுக்கி ரெண்டு பக்கமும் அகண்டு போயிரும். வந்த உடனே வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் சர்க்கரை கலந்து ஒவ்வொண்ணோட அலகயும் ஒருக்க நனைச்சு காட்டுங்க. வயித்துக்குள்ள மிச்சம் இருக்கிற மஞ்சக்கருவ வச்சு ரெண்டு நாள் ஓட்டும்னு சொல்லுவாங்க, உண்மைதான், அது பயணத்துக்கு, வீட்டுக்கு வந்த பொறவும் பட்டினி போடறதுக்கு இல்ல. தண்ணி தட்டுல கூழாங்கல்லு போடுங்க, இல்லன்னா முங்கி சாகும்.

தீனில நம்ம ஊர்ல நடக்கிற தப்பு மூணு. ஒண்ணு, பெரிய கோழிக்கு வாங்கின லேயர் தீவனத்தயே குஞ்சுக்கும் போடறது. முட்டைக்கோழிக்கு ஓடு கட்டணும்னு அதுல சுண்ணாம்புச்சத்து நாலு சதவீதம் பக்கம் இருக்கும், குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும், மிச்சம் கிட்னிய கெடுக்கும். ரெண்டு, வெறும் குருணையும் அவிச்ச மரச்சீனியும், அதான் மரவள்ளிக்கிழங்கு. வயிறு நெறையும், ஆனா முதல் எட்டு வாரத்துக்கு 20 சதவீதம் புரதம் வேணும், இல்லன்னா இறகும் வராது காலும் நிக்காது. பச்ச மரச்சீனி தோல் எந்த வயசுக்கும் போடாதீங்க, விஷம். மூணாவதுதான் எனக்கு கோவம் வர்றது, கருவாட்டுத்தலையும் மிச்சமான மீன்குழம்பு சோறும். குளச்சல் பக்கம் சர்வசாதாரணம். உப்ப குஞ்சு தாங்காது, தண்ணி தண்ணியா கழிஞ்சு, தள்ளாடி சாகும். எதுவும் யோசிக்காம முதல் எட்டு வாரம் கடையில ஸ்டார்ட்டர்னு குஞ்சுக்குன்னே விக்கிற தீவனம் வாங்கி போடுங்க, ஒரு மூட்டை செலவுதான்.

அடைக்கோழி இருந்தா இந்த பல்பு, கரண்ட் தொல்லை ஒண்ணும் வேண்டாம், அது வேற கதை. ஆனா நேத்து அடை உக்காந்த கோழிகிட்ட கொண்டு போய் விடாதீங்க, கொத்தி கொன்னுரும். ரெண்டு மூணு வாரம் முட்டை மேல ஒழுங்கா உக்காந்த கோழியா இருக்கணும், குஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் வயசா இருக்கணும், நல்லா இருட்டின பொறவு முட்டைய எடுத்துட்டு வயித்துக்கு அடியில ஒண்ணொண்ணா தள்ளணும், விடியறதுக்கு முன்னாடி நீங்க எந்திரிச்சு போய் பாக்கணும். பத்து பன்னெண்டுக்கு மேல ஒரு கோழியால மூடி வைக்க முடியாது. இடிக்கு பயந்து எங்க ஆச்சி அடைக்கூடையில இரும்புத்துண்டும் கரியும் மொளகாயும் போட்டு வைப்பா, அதுக்கு நான் பொறுப்பில்ல, ஆனா போட்டா தப்பும் இல்ல. தாயும் குஞ்சும் மத்த கோழி மேயாத இடத்துல தனி பஞ்சாரத்துல இருக்கட்டும்.

கொடை, திருவிழா சமயத்துல பிள்ளைங்க அடம்புடிச்சு வாங்கற கலர் குஞ்சு பத்தி ஒரு வார்த்தை. பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்து சேவல் குஞ்சு, ஹேச்சரிக்கு வேண்டாதது, சாயத்துல முக்கி எடுத்தது, தடுப்பூசிக்கு யார் செலவு பண்ணுவா. வாங்கவே வேண்டாம், வாங்கிட்டீங்கன்னா ஒரு மாசம் உங்க கோழி பக்கமே விடாதீங்க.

எட்டுல இருந்து பத்து வாரம், உடம்பு ஓரளவு பெருத்த பொறவுதான் குஞ்ச பெரிய கோழியோட கூட்டு சேக்கணும். முதல்ல ரெண்டு வாரம் நடுவுல வலை, பாக்கலாம் கொத்த முடியாது. இப்பத்தான் கிருமியும் கொஞ்சம் கொஞ்சமா பழகும். வலை அரை இஞ்ச் கண்ணி வாங்குங்க, பெரிய கண்ணியில எலியும் பாம்பும் தாராளமா வரும். அப்புறம் ஒரு ராத்திரி தூங்கும்போது எடுத்து வச்சிருங்க. மறுநாள் கொத்து விழும், கோழிக்குள்ள யார் பெருசுன்னு ஒரு வரிசை உண்டு, அது முடிவாகற வரைக்கும் சண்டைதான், ரத்தம் வராத வரைக்கும் நீங்க பஞ்சாயத்துக்கு போகாதீங்க. தீனி பாத்திரம் ரெண்டு மூணு இடத்துல வைங்க, ஓடி ஒளிய ஒரு ஓலை சாய்ச்சு வைங்க. அந்த சமயம் எல்லாத்துக்கும் குரோயர்னு வளர்ற கோழிக்கு விக்கிற தீவனமே போட்டு, முட்டைக்கோழிக்கு மட்டும் சிப்பிய நொறுக்கி தனி சிரட்டையில வச்சா போதும், வேணுங்கறது திங்கும்.

அந்த அக்காவோட ஒம்பது குஞ்சுல ஏழு பொழைச்சுது. அம்ப்ரோலியம்னு ரத்தக்கழிச்சல் மருந்து குடுத்தேன், மூணாம் நாள் போன் போட்டு கேட்டா கூடவே மெடிக்கல்ல பி காம்ப்ளக்ஸ் டானிக்கும் வாங்கி அதே தண்ணில கலந்துகிட்டிருக்காங்க, சத்துக்காம். அந்த மருந்து வேல செய்யறதே கிருமிக்கு பி1 கெடைக்காம பண்ணித்தான், டானிக்க குடுத்தா மருந்து வீணு. டானிக்க நிறுத்தச் சொல்லி, அந்த கூட்ட விட்டு வேற இடம் மாத்தினோம்.

தடுப்பூசிய கடைசியில வச்சதுக்கு காரணம் இருக்கு, அதுதான் இப்ப அந்த அக்காவோட டிபார்ட்மென்ட். வெள்ளைக்கழிச்சலுக்கு, அதான் ராணிக்கெட், மருந்து கிடையாது, ஏழாம் நாள் லசோட்டாங்கற தடுப்பு மருந்து ஒரு சொட்டு கண்ணுல, நாலாவது வாரம் மறுபடியும், எட்டு வாரம் ஆன பொறவு ஆர்2பி ஊசி. இந்த ஆர்2பி வீரியமானது, பெரிய கோழிக்கு போடும்போது மிச்சம் இருக்குன்னு ரெண்டு வார குஞ்சுக்கும் போட்டு கொன்னவங்க உண்டு. பொதுவா பிப்ரவரி மாசம் அரசு முகாம் போட்டு இலவசமா போடறோம், அது எட்டு வாரத்துக்கு மேல உள்ள கோழிக்குத்தான். குஞ்சு சொட்டுமருந்துல சிக்கல் என்னன்னா ஒரு குப்பியில நூறு டோஸ், கலக்கினா ரெண்டு மணிநேரத்துக்குள்ள முடிக்கணும், ஐஸ்லயே இருக்கணும், பதினஞ்சு குஞ்சுக்காக யார் ஒடைப்பா. அந்த அக்கா இந்த தடவ குஞ்சு வாங்கறதுக்கு முன்னாடியே சுத்தி உள்ள ஆறு வீட்ட பேசி ஒரே நாள்ல எல்லாரயும் வாங்க வச்சு, ஏழாம் நாள் ஐஸ் போட்ட பிளாஸ்கோட பஸ்ஸ புடிச்சு வந்துட்டாங்க. பேப்பர்ல எழுதி வச்சிருந்தாங்க, எந்த வீட்டுல எத்தன குஞ்சுன்னு, மொத்தம் தொண்ணூத்தி ரெண்டு. "எட்டு மிச்சம் வருது டாக்டரம்மா, உங்க வீட்டுல குஞ்சு நிக்கா?"