ரீசார்ஜ் செல் போட்டதும் டார்ச் மங்குகிறதா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் சர்வீஸ் மேசைக்கு எல்இடி டார்ச்சுகள் நிறைய வரும். "காசு மிச்சமாகுமேன்னு ரீசார்ஜ் செல் வாங்கிப் போட்டேன், அன்னையிலிருந்தே வெளிச்சம் போயிருச்சு" என்பார்கள். டார்ச் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் பலரும் வருகிறார்கள். பெரும்பாலும் அது கெட்டிருக்காது. சிலவற்றில் மட்டும் எல்இடியே போயிருக்கும், அதற்கும் அந்த செல்தான் காரணமாக இருக்கும். எது என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் புது ஆல்கலைன் செல்களை, அதாவது ரீசார்ஜ் செய்யாமல் தீர்ந்ததும் தூக்கிப்போடும் வகையை, போட்டுப் பாருங்கள். பழைய வெளிச்சம் திரும்பினால் டார்ச் நன்றாக இருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண பேட்டரிக் கட்டையும் ஆல்கலைனும் 1.5 வோல்ட். இன்று பரவலாகக் கிடைக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். மூன்று செல் போடும் சின்ன டார்ச்சில் 4.5 வோல்ட்டுக்குப் பதில் 3.6தான் கிடைக்கிறது. ஐந்தில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் வெள்ளை எல்இடி ஒழுங்காக எரியவே சுமார் 3 வோல்ட் வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதுதான், கரண்ட்டை மட்டுப்படுத்த வைத்திருக்கும் ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட்டைத் தள்ளுகிறது. 4.5 வோல்ட்டில் ஒன்றரை மிஞ்சும், 3.6-ல் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். கரண்ட் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, வெளிச்சமும் கூடவே இறங்குகிறது. இது பழுதே இல்லை. அந்த டார்ச் 1.5 வோல்ட் செல்லை நம்பிச் செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

ரெசிஸ்டரே இல்லாத மலிவு டார்ச்சில் நடப்பது இதற்கு நேர் எதிர். சாதாரண செல்லுக்கு உள்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே கரண்ட்டைத் தடுக்கும் தன்மை, அதிகம். அதுவே கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் என்று கணக்குப் போட்டு ரெசிஸ்டரை விட்டுவிடுகிறார்கள். ரீசார்ஜ் செல்லின் உள்தடை மிகக் குறைவு. முழு சார்ஜில் ஒரு செல் 1.4 வோல்ட் வரை காட்டும். போட்டவுடன் வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், டார்ச்சின் தலை சுடும். நாளடைவில் ஒளி நீலம் பாய்ந்து மங்கும். வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல் பாஸ்பர் என்னும் மஞ்சள் ஒளிர்பொடி பூசியது. சூடு அந்தப் பூச்சையும் உள்ளிருக்கும் எல்இடி சிப்பையும் கெடுத்துவிடுகிறது. இப்படிக் கெட்டதற்கு எந்த செல் போட்டாலும் வெளிச்சம் திரும்பாது. ஆகவே மங்கலோடு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "போட்ட உடனே மங்கிச்சா, நல்லா எரிஞ்சு அப்புறம் மங்கிச்சா?"

ஒற்றை செல், இரட்டை செல் டார்ச்சுகளில் வோல்ட்டேஜை ஏற்றிக்கொடுக்கும் சர்க்யூட் உண்டு. நல்ல சர்க்யூட்டுக்கு 1.2 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. அங்கே மங்கினால் காண்டாக்டை, அதாவது செல் முனை தொடும் ஸ்பிரிங்கையும் தகட்டையும், சந்தேகப்படுங்கள். வோல்ட்டேஜ் குறைந்தால் அந்த சர்க்யூட் செல்லிலிருந்து கூடுதல் கரண்ட் இழுக்கும். அப்போது ஸ்பிரிங்கில் படிந்த சிறு அழுக்குகூடத் தடையாகிவிடும். பழைய ஆல்கலைன் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் போய் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். பின்மூடியின் மறையையும் துடையுங்கள், அலுமினிய டார்ச்சில் கரண்ட் அந்த வழியாகத்தான் போகிறது. இன்னொன்று: சில ரீசார்ஜ் செல்களின் பிளஸ் முனை குட்டையாக இருக்கும். செல் கூட்டில் பிளாஸ்டிக் விளிம்பு இருந்தால் அது தகட்டைச் சரியாகத் தொடாது.

காண்டாக்ட் சுத்தமாக இருந்தும் சீக்கிரமே மங்கினால், ஒரு செல் மட்டும் களைத்திருக்கலாம். டார்ச்சைப் பத்து நிமிடம் எரியவிட்டு, உடனே செல்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள். மூன்று செல்லில் இரண்டு 1.2 வோல்ட்டில் நிற்க, ஒன்று மட்டும் 1-க்குக் கீழே இருந்தால் அதுதான் ஆள். அதை விட்டுவைத்தால் மற்ற இரண்டும் சேர்ந்து அதைத் தலைகீழாக சார்ஜ் செய்யும். உள்ளே வாயு சேர்ந்து கசியும்.

இந்த நிலை எப்படி வருகிறது என்று பார்த்தால் பலமுறை சார்ஜரில் போய் முடிகிறது. மலிவு சார்ஜர்கள் இரண்டிரண்டாகத்தான் சார்ஜ் ஏற்றும். டார்ச்சுக்கோ மூன்று செல். மூன்றாவதைக் கடிகாரத்திலிருந்து கழற்றிய செல்லோடு ஜோடி போட்டு ஏற்றுகிறார்கள். ஒன்று நிரம்பி வழிய, மற்றது அரைகுறையாக நிற்கும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் வாங்குங்கள். ஒன்றாக வாங்கிய மூன்றிலும் மார்க்கரால் ஒரே அடையாளம் போட்டு, சேர்த்தே பயன்படுத்துங்கள்.

வெளிச்சம் போதவில்லை என்பதற்காக, அதே அளவில் இருக்கிறதே என்று 14500 லித்தியம் செல்லைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பார்க்க ஏஏ செல் போலவே இருக்கும். முழு சார்ஜில் ஒன்றே 4.2 வோல்ட். இரண்டு போட்டால் 8.4. டார்ச்சின் கையேட்டில் தெளிவாகச் சொல்லியிருந்தால் தவிர அதைத் தொடாதீர்கள். சாதாரணக் கட்டையை சார்ஜரில் போடுவதும் ஆபத்துதான்.

இரவில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆல்கலைன் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி முன்கூட்டியே சொல்லிவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கடைசிவரை ஒரே சீராக எரிந்து சட்டென்று விழும், வரப்பில் பாதி வழியில்கூட. சார்ஜ் ஏற்றிய இன்னொரு செட் சட்டைப்பையில் இருக்கட்டும். அதோடு, பழைய வகை ரீசார்ஜ் செல்கள் சும்மா வைத்திருந்தாலே சில மாதங்களில் காலியாகிவிடும். 2005-ல் சான்யோ நிறுவனத்தின் எனிலூப் ரீசார்ஜ் செல் வந்த பிறகு, மாதக்கணக்கில் சார்ஜைப் பிடித்துவைக்கும் வகை பரவலாகிவிட்டது. வாங்கும்போது அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். புயலுக்கென்று எடுத்துவைக்கும் டார்ச்சுக்கு ஆல்கலைனே போதும். செல்லை உள்ளே போட்டுவைக்காமல், டார்ச்சோடு ஒரு பையில் தனியாகக் கட்டி வையுங்கள்.