ஒரு கோடு ஏன் இரண்டாகிறது?

மட்டக்களப்புக் கல்லடியில் எனக்குத் தெரிந்த ஓடாவியார் (தச்சர்) ஒருவர், கதவு நிலைக்கு மேலே வைக்கும் பூவேலைப் பலகையை இன்றைக்கும் பழுப்புக் கடதாசியில்தான் கீறுவார். தடித்த மார்க்கர் பேனை, நடுவில் கும்பம், இரண்டு பக்கமும் மாங்காய்க் கொடி. முன்பு அதைப் பார்த்து உளியால் கொத்துவார். இப்போது பக்கத்துப் பட்டறைக்கு சி.என்.சி. ரவுட்டர், அதாவது கணினி சொல்கிற பாதையில் மரத்தை வெட்டும் மெசின், வந்துவிட்டது. கீறியதைப் போட்டோ எடுத்து, கணினியில் கோடுகளாக மாற்றி மெசினுக்குக் கொடுப்பது என் தலையில் விழுந்தது.

முதல் ஃபைல் ஓடி முடிந்ததும் பலகையைத் தூக்கிப் பார்த்தவர், "நான் ஒரு கோடுதானே கீறின, இதென்ன மனே ரெண்டு?" என்று கேட்டார். கொடி முழுக்க ரெயில் தண்டவாளம் மாதிரி இரட்டைப் பள்ளம். நல்ல வேளை, அது தேக்கு இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைத் துண்டு.

தவறு என்னுடையதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால், கணினி படத்தை எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

ஃபோனில் எடுத்த படம் 4000-க்கு 3000 கட்டங்கள், அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். 800 மில்லிமீற்றர் நீளக் கடதாசி படத்தை நிறைத்தால் ஒரு பிக்சலுக்கு 0.2 மில்லிமீற்றர் வரும். 2 மில்லிமீற்றர் மார்க்கர் கோடு, 10 பிக்சல் அகலமான ஒரு கறுப்புப் பட்டை. படத்தைச் சாம்பல் நிறமாக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். கோடு என்று ஒன்று அந்த ஃபைலில் எங்கேயும் கிடையாது.

முதல் வேலை, எந்த எண்ணுக்குக் கீழே கறுப்பு, எதற்கு மேலே வெள்ளை என்று எல்லை வைப்பது. ஜப்பானியரான நொபுயுகி ஓட்சு 1979-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். சாத்தியமான எல்லைகள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு கூட்டமும் ஒன்றிலிருந்து ஒன்று மிக நன்றாகப் பிரிகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பது. சீரான வெளிச்சத்தில் அருமையாக வேலை செய்யும். நான் படம் எடுத்தது பின்னேரம், வாவிப் பக்க ஜன்னலோரம். கடதாசியின் ஒரு பக்கம் வெயிலில் மின்னியது, மற்றப் பக்கத்தில் என் நிழல். நிழல் விழுந்த வெறும் கடதாசியையும் கறுப்பு என்று எடுத்துக்கொண்டது கணினி. இடத்துக்கு இடம் எல்லையை மாற்றும் முறைகளும் உண்டு. என்னைக் கேட்டால், கடதாசியை நிழலுக்கு எடுத்துப் போய் இன்னொரு படம் எடுப்பதே சுகம். அப்புறம், படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டொக்யுமென்ட்டாக அனுப்ப வேண்டும்.

அடுத்ததுதான் நான் சறுக்கிய இடம். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் படத்தை டிரேஸ் செய்யும்போது, அதாவது கோடுகளாக மாற்றும்போது, உள்ளே ஓடுவது போட்ரேஸ் என்ற நிரல், பீட்டர் செலிங்கர் எழுதியது. அது கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பிக்சல்களின் விளிம்பிலேயே நடந்து, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறது. வயல் வரம்பில் ஒரு சுற்றுப் போய் வருவதுபோல. பிறகு அந்தப் படிக்கட்டுப் பாதையைப் பொருத்தமான பல்கோணமாக்கி, மூலைகளை எங்கே கூராக விடுவது, எங்கே வளைப்பது என்று முடிவு செய்கிறது. முழுக்கக் கறுப்பாக நிரப்பிய ஓர் இலைக்கோ கடைப் பெயர்ப்பலகை எழுத்துக்கோ இதைவிட நல்ல முறை தேவையில்லை. ஆனால் பேனைக் கோடு 10 பிக்சல் அகலப் பட்டை. பட்டைக்கு இரண்டு ஓரம். ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பி வந்த அந்தப் பாதையை ரவுட்டர் அப்படியே வெட்டிவிட்டது. ஓடாவியாரின் மனதில் ஒரு கோடு. நிரலுக்குத் தெரிந்தது மெலிந்த ஒரு தீவின் கரை.

சரி, நடுக்கோடு வேண்டுமானால்? அதற்கும் வழி இருக்கிறது. கறுப்புப் பட்டையை இரு ஓரமும் படை படையாக உரித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பிக்சலை எடுத்தால் கோடு அறுந்துவிடுமா என்று ஒவ்வொரு தடவையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் பார்க்க வேண்டும். அறாது என்றால் எடுக்கலாம். கடைசியில் ஒரு பிக்சல் தடிப்பில் எலும்புக்கூடு மாதிரி ஒன்று மிஞ்சும். 1984-இல் ஷாங், சுவென் இருவரும் வெளியிட்ட முறை இவற்றில் பிரபலமானது. ஆனால் கொடிகள் குறுக்கிடும் இடத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். பெருக்கல் குறி மாதிரிச் சந்திக்க வேண்டியவை, சின்னப் பாலத்தால் இணைத்த இரண்டு கவட்டைகளாகக் கிடக்கும். மார்க்கர் மை ஊறிப் புடைத்த இடங்களில் மீசை முளைத்திருக்கும்.

அதனால் பூவேலைக்கு நான் கையால்தான் டிரேஸ் செய்கிறேன். படத்தைப் பின்னால் வைத்து லொக் செய்துவிட்டு, மேலே பெசியே வளைகோடுகளைப் போடுவது. ஒரு வளைகோட்டுக்கு நாலு புள்ளி: இரண்டு முனைகள், வளைவை இழுக்கும் இரண்டு பிடிகள். நாலையும் வரிசையாகக் கோட்டால் இணைத்தால் மூன்று துண்டு. அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு துண்டு, அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒன்று. அந்த ஒன்றின் நடுப்புள்ளி சரியாக வளைகோட்டின் மேலே இருக்கும். ஒருதரம் கடதாசியில் செய்து பாருங்கள். சித்ரோன் கார் கம்பனியில் இருந்த போல் த காஸ்தெல்ஜோ 1959-இலேயே இதைக் கண்டுபிடித்தார். கம்பனி வெளியே விடவில்லை. ரெனோவில் இருந்த பியேர் பெசியே பிறகு வெளியிட்டதால் பெயர் அவருக்குப் போய்விட்டது.

மாங்காய் ஒன்றுக்கு ஐந்து முனைகள் போதும்: கூரில் ஒன்று, வளைவு திசை மாறும் இடத்தில் ஒன்று, வயிற்றுப் பக்கம் மூன்று. கரடுமுரடான படத்தை நிரலிடம் விட்டால் அதே மாங்காய்க்கு நூற்றுக்கணக்கில் குத்தித் தள்ளும். திரையில் வித்தியாசம் தெரியாது, மெசினில் தெரியும். குட்டிக் குட்டித் துண்டுகளின் ஒவ்வொரு மூட்டிலும் வேகம் குறைந்து, வெட்டும் பிட் ஒரே இடத்தில் உரசி மரம் கருகும்.

அளவு வேறு கதை. பிக்சலுக்கு மில்லிமீற்றர் தெரியாது. கடதாசியோடு ஓர் அடிமட்டத்தையும் சேர்த்துப் படம் எடுத்தால், ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் அந்த அடிமட்டத்தை ரெஃபரன்ஸாகக் காட்டி, இந்தத் தூரம் 300 மில்லிமீற்றர் என்று ஸ்கேலை மாற்றலாம். ஃபோன் சரிந்திருந்தால் தூரத்து ஓரம் குறுகிவிடும். அதைக் கடதாசியின் நாலு மூலைகளை வைத்து நிமிர்த்தலாம். நாலு மூலைகள் தரும் எட்டு எண்கள் அந்தக் கணக்குக்குப் போதும். ஆனால் தட்டையான பரப்புக்கு மட்டுமே இது சரிவரும். கொத்திய பழைய கதவின் மேடு பள்ளத்தில் ஏமாற்றும்.

கும்பத்துக்கு இரு பக்கமும் ஒரே கொடிதானே, பாதியை டிரேஸ் செய்து மிரர் போட்டால் வேலை பாதி என்று நினைத்தேன். இடது பக்கத்தைப் புரட்டி வலதின் மேல் வைத்தால் பொருந்தவில்லை. வலது மாங்காய் கொஞ்சம் குண்டு. எந்தப் பாதியை எடுப்பது என்று கேட்டேன்.

"இடப்பக்கத்த எடு மனே. வலப்பக்கம் கீறக்குள்ள கரண்ட் போயிற்று."