வெனிலாத் தோட்டத்தில் வாசனை எங்கே?

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில், விருந்தினரை எப்படி வரவேற்பது என்று வெனிலாத் தோட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? அதை நம்பியே தோட்டத்தை நடத்தினால், வந்தவர்கள் ஏன் மறுபடி வரவில்லை என்பது கடைசிவரை பிடிபடாது.

கேள்வியை மாற்றுங்கள். "எதைப் பார்க்கணும்னு நினைச்சு வந்தீங்க? பார்த்தீங்களா?" அப்போதுதான் உண்மை வெளிவரும்.

பாரிஸில் இருந்து ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும் புதுச்சேரிக் குடும்பங்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். தாழை மரத்தில் ஏறியிருக்கும் வெனிலாக் கொடியருகே குனிந்து, பச்சைக் காயை முகர்ந்து பார்த்துவிட்டு ஓர் அம்மா கணவரிடம் சொல்வார்: "என்னங்க, வாசனையே வரலையே! பூவையும் காணோம்." பச்சைக் காய்க்கு வாசனை கிடையாது. சுமார் 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, வெயிலிலும் நிழலிலும் உலர்த்தி, மரப்பெட்டியில் மாதக்கணக்கில் மூடி வைத்த பிறகுதான் அந்த மணம் பிறக்கிறது. பூக்கும் காலமோ செப்டம்பரில் இருந்து டிசம்பர் வாக்கில். அதுவும் காலையில் மலர்ந்து அன்றைக்கே வாடிவிடும்.

விளம்பரத்தில் பூவைக் காட்டி ஜூலையில் ஆளைக் கூப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முன்பதிவின் போதே "இப்போ பூ இருக்காது, காய் பறிக்கிற நேரம்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன தோட்டங்களில் நான் முகம் சுளித்தவர்களைப் பார்த்ததில்லை. வெந்நீரில் இருந்து காய்க்கூடை ஆவி பறக்க மேலே வருவதை, பூவைப் பார்ப்பது போலவே ஆசையாகப் பார்க்கிறார்கள்.

பூக்கும் காலத்தில் வருகிறவர்களுக்கு, பூவில் கையால் மகரந்தம் சேர்த்துப் பார்க்க ஒரு குச்சியைக் கொடுங்கள். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மடலைத் தூக்கி, கட்டைவிரலால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். தவறினால் ஒரு காய் போச்சே என்று தோட்டக்காரர் பதறுவது நியாயம். அதனால் விருந்தினருக்கென்று நாலைந்து கொடிகளை ஒதுக்கச் சொல்கிறேன்.

அந்தக் குச்சியோடு எட்மோன் அல்பியுஸின் பெயரையும் சொல்ல வேண்டும். 1841-ல் இந்த வழியைக் கண்டுபிடித்தபோது அவன் 12 வயது அடிமைச் சிறுவன். 1848-ல் விடுதலை கிடைத்தது. 1880-ல் வறுமையிலேயே இறந்தான். பல வழிகாட்டிகள் முதலாளியின் பழைய பங்களாவை அரைமணி நேரம் வர்ணித்துவிட்டு இவனை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆறவே ஆறாது. வருகிறவர்களில் பலர், ஒப்பந்தக் கூலிகளாக இந்தக் கரும்புக் காடுகளுக்கு வந்த தமிழரின் வழிவந்தவர்கள். தங்கள் முன்னோர் எங்கே தங்கினார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று தேடித்தான் வருகிறார்கள். அதைச் சொல்லாத தோட்டம் அவர்களுக்கு வெறும் பச்சைப் புல்வெளி.

சாப்பாட்டு மேசையில் வெனிலா வாத்துக் கறி பெருமைக்குரியதுதான். ஆனால் காவடி விரதக் காலத்தில் வரும் உள்ளூர்க் குடும்பத்துக்கு அதில் ஒன்றுமில்லை. முன்கூட்டியே கேட்டால் பருப்பும் கீரையும் சுலபமாகச் சமைக்கலாம். கொசு விரட்டி மருந்து, சேற்றுக்கு ரப்பர் காலணி இரண்டும் வாசலிலேயே இருக்கட்டும். சிக்குன்குனியா கண்ட ஊர் இது.

கடைசியாகக் கடை. ரீயூனியன் வெனிலாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. மடகாஸ்கர் காயும் விற்கிறீர்களா? தாராளமாக விற்கலாம். ஆனால் தனி ஜாடியில் வைத்து, எந்த ஊர்க்காய் என்று பெரிய எழுத்தில் எழுதி, விலையையும் போடுங்கள்.