வாளையாறு தாண்டும்போது எந்தக் காதில் புளூடூத்?

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றைப் பற்றி எட்டிமடை, க.க.சாவடி பக்கத்து ஆட்களிடம் சொல்லவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அது. மலையில் முட்டி நிற்க வேண்டிய தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசலில் நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. கோவையிலிருந்து வாளையாறு எல்லை வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும் வண்டி அதை நேருக்கு நேர் எதிர்த்துப் போகிறது. வண்டியின் வேகம் 60, எதிர்க்காற்று 30 என்றால், கண்ணாடியைத் திறந்து வைத்திருக்கும் ஓட்டுநருக்கு வெளியே ஓடுவது 90 கிலோமீட்டர் வேகக் காற்று. திரும்பி வரும்போது அதே 60-இல் அது 30-ஆகக் குறைந்துவிடும். அதனால்தான் போகும்போது "ஒண்ணுமே கேக்கலண்ணே" என்ற, போனின் மறுமுனையில் இருக்கும் மண்டிக்காரர், வரும்போது அதே புளூடூத்தில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருப்பார்.

ஓட்டுநருக்கோ இரண்டு தடவையும் நன்றாகத்தான் கேட்டிருக்கும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கடையில் ஹெட்செட்டைக் காதில் மாட்டி ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். நமக்கு எப்படிக் கேட்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். நாம் பேசுவது எதிர்முனைக்கு எப்படிப் போகிறது என்பது தெரியவே தெரியாது. வண்டியில் பேச வாங்குகிறவருக்கு முக்கியமானது இரண்டாவதுதான்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எழுத்துகளும் குழப்பும். ஏ.என்.சி. என்பது நம் காதுக்கு வரும் வெளிச்சத்தத்தை, அதற்கு நேரெதிரான ஒலி அலையை எழுப்பி அழிக்கும் ஏற்பாடு. விமானத்தில் தூங்க நல்லது. மண்டிக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஓட்டுகிறவருக்கோ ஆபத்து, பின்னால் வரும் வண்டியின் இரைச்சலையும் சேர்த்து அது மங்கவைத்துவிடும். இ.என்.சி. என்பதுதான் மைக்கில் புகும் இரைச்சலைக் குறைத்து எதிர்முனைக்கு அனுப்புவது. இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம் என்பதால் விற்பவரே மாற்றிச் சொல்வது உண்டு.

மைக் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். காதுக்குள் அடங்கும் சின்ன இயர்பட்ஸில் மைக் வாயிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். கன்னத்தோரம் நீளும் தண்டுள்ள ஹெட்செட்டில் 3 சென்டிமீட்டர். தூரம் கால்பங்கானால் குரலின் செறிவு 16 மடங்காகும், டெசிபல் கணக்கில் 12. டீசல் என்ஜின் உறுமலும் டயர் சத்தமும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். ஆக, எந்த மென்பொருளும் வேலை செய்வதற்கு முன்பே தண்டு மைக் 12 டெசிபல் முந்திக்கொண்டு நிற்கிறது. பார்க்க கால் சென்டர் ஆள் மாதிரி இருக்கிறது என்று இளவட்டங்கள் மாட்டத் தயங்குகிறார்கள். லோடு ஓட்டுகிறவருக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு மைக் வைத்த ஹெட்செட்டுகள் இன்னொரு தந்திரம் செய்கின்றன. இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள மைக்குகளில், வாயிலிருந்து வரும் ஒலி முன்னதைத் தொட்டு சுமார் 60 மைக்ரோ விநாடி கழித்துத்தான் பின்னதைத் தொடும். பக்கவாட்டிலிருந்து வரும் ஹாரன் ஒலிக்கு இந்தக் கணக்கு வேறு. உள்ளே இருக்கும் சிப் இரண்டையும் ஒப்பிட்டு, வாயின் திசையில் வருவதை மட்டும் தூக்கிவிடும்.

காற்றிடம் இந்தத் தந்திரம் பலிப்பதில்லை. காரணம், மைக்கில் கேட்கும் அந்த 'புர்ர்ர்' எங்கிருந்தோ பயணம் செய்து வரும் ஒலியே அல்ல. மைக்கின் துளையில் மோதி உடைந்து சுழலும் காற்று, அந்த இடத்திலேயே உண்டாக்கும் அழுத்த மாற்றம் அது. இரண்டு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த துளையில் வேறொரு சுழல் மோதிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதால் சிப்பால் எதையும் ஒப்பிட முடியாது. இதற்குச் சரியான மருந்து பழைய மருந்துதான்: மைக்கின் மேல் ஒரு பஞ்சு உறை. நுண்ணிய துளைகளில் காற்றின் வேகம் செத்துவிடும், குரல் மட்டும் ஊடுருவிப் போகும். இருபது முப்பது ரூபாய் சமாச்சாரம். விலை கூடிய சில ஹெட்செட்டுகளில் தோலைத் தொட்டு எலும்பின் அதிர்வை எடுக்கும் உணரியும் இருக்கும். காற்று அதை அசைக்காது. ஆனால் குரலின் கனமான கீழ்ப்பகுதி மட்டுமே அதில் கிடைக்கும், மெல்லிய மெய்யொலிகளுக்கு மைக் வேண்டியதுதான்.

எந்தக் காதில் மாட்டுவது? நம் ஊர் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம், ஜன்னலும் வலப்பக்கம். வலது காதில் மாட்டினால் மைக் நேராகக் காற்றின் வாயில் நிற்கும். இடது காதில் மாட்டினால் தலையே தடுப்பாகிவிடும். வலது காது திறந்திருப்பதில் இன்னொரு லாபம், முந்துகிற வண்டி வலப்பக்கமாகத்தான் வரவேண்டும், அதன் ஹாரனும் அங்கிருந்துதான். (இடப்பக்கம் சந்துவிட்டு நுழையும் பைக்குக்குக் கண்ணாடிதான் கதி.) இரண்டு காதையும் அடைப்பது வேண்டவே வேண்டாம். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தும் மூளை கணிக்கிறது. அந்த வித்தியாசம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு காது அடைபட்டாலே இந்தக் கணிப்பு தடுமாறும், இரண்டும் அடைபட்டால் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் என்று தெரியாது. காதை மூடாமல் கன்ன எலும்பில் உட்காரும் வகை இந்த விஷயத்தில் மேல். ஆனால் ஏசி இல்லாத லாரியில் அதில் பேச்சைக் கேட்பது கஷ்டம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று விதி வந்துவிட்டது. இப்போது கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் எல்லை தாண்டுகிற வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை.

பாட்டு அருமையாகக் கேட்கிறது, போன் வந்தால் மட்டும் தகர டப்பாவாகிவிடுகிறது என்ற புகாருக்கும் காரணம் உண்டு. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்கிடையே விநாடிக்கு 1600 முறை தாவித் தாவி வேலை செய்கிறது. பாட்டு வரும்போது ஹெட்செட் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ளும். மோட்டார் நின்றாலும் மேல்தொட்டியில் இருக்கும்வரை குழாயில் தண்ணீர் வருவது போல, நடுவில் சில துண்டுகள் தவறினாலும் திரும்பக் கேட்டு வாங்க நேரம் இருக்கிறது. போன் பேச்சில் அந்த வசதி இல்லை. சேமித்தால் பதில் தாமதமாகும், இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். அதனால் பேச்சுக்குத் தனி வழி, சிறிய வழி. பழைய முறையில் குரலை விநாடிக்கு 8,000 முறைதான் அளந்து அனுப்பும். 2011-இல் வந்த தரவரையறை அதை 16,000 ஆக்கியது. உயிரொலிகளின் பலம் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது, மெய்யொலிகளின் கூர்மை மேலே. மேல்பகுதி வெட்டுப்பட்டால் 'ஐம்பது மூட்டையா, ஒன்பது மூட்டையா' என்று நாலு முறை கேட்க வேண்டியதுதான். இந்த 16,000 முறைக்குப் பெட்டியில் எச்.டி. வாய்ஸ் என்று பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். போனும் நெட்வொர்க்கும் அதற்கு ஒத்துழைத்தால்தான் பலன்.

போனை வைக்கும் இடமும் கணக்கில் சேரும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக விழுங்கும். வலது பேன்ட் பையில் போன், இடது காதில் ஹெட்செட் என்றால் நடுவில் ஆளே சுவர். டாஷ்போர்டில் மாட்டிவிட்டால் கரகரப்பு பாதி போய்விடும். வாளையாறு காட்டுப் பகுதியில் பேச்சு அறுந்தால் மட்டும் ஹெட்செட்டைத் திட்டாதீர்கள். தொலைத்தொடர்பில் தமிழ்நாடும் கேரளாவும் தனித்தனி வட்டங்கள், போன் அங்கே ஒரு வட்டத்தை விட்டு இன்னொன்றைப் பிடிக்கத் தவித்துக்கொண்டிருக்கும்.

பேட்டரி பற்றி ஒன்று: பெட்டியில் பெரிதாகப் போடும் மணிக்கணக்கு பாட்டுக்கானது, பேச்சுக்குக் குறையும். பாலக்காட்டு வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டில் போட்டுவைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஆகாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கையில் போன் பிடித்து ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே கணக்கிடுகிறது. 2023 ஜூனில் கேரளச் சாலைகளில் இயங்கத் தொடங்கிய 726 கேமராக்களில் பெரும்பாலானவை இதையும் பார்க்கின்றன. அவற்றுக்குப் பயந்துதான் எல்லையில் பலர் புளூடூத்தைத் தேடி எடுத்து மாட்டுகிறார்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கேமராவுக்குத் தெரிவது கை மட்டும். கனடாவின் டொரண்டோவில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களின் போன் பதிவுகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான ஆய்வு, பேசும்போது விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்றது. கையில் பிடிக்காத போன் அதைவிடப் பாதுகாப்பானது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-இல், ஹேண்ட்ஸ்ஃப்ரீ உட்பட ஓட்டுநர் போனையே தடைசெய்யப் பரிந்துரைத்தது. கண் சாலையில் இருந்தாலும் கவனம் பேச்சில் இருந்தால், எதிரே நிற்பது கண்ணில் பட்டும் மனதில் படாது. அறுபதில் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். நல்ல மைக் இங்கே ஓரளவு உதவும், திரும்பத் திரும்பக் கேட்கும் உழைப்பு குறைந்து பேச்சு சீக்கிரம் முடியும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

யூட்டா பல்கலைக்கழகத்தில் வண்டி ஓட்டுவது போலவே காட்டும் சிமுலேட்டரை வைத்து 2008-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போனில் பேசியவர்களில் பலர் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரோடு பேசியவர்களில் மிகச் சிலர்தான் தவறவிட்டார்கள். பக்கத்து ஆளும் சாலையைப் பார்க்கிறார், நெரிசல் வந்தால் பேச்சைப் போக்குவரத்தின் பக்கம் திருப்பிவிடுகிறார். மண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே வரும் பஸ் தெரியாது. ஆகவே வண்டியில் கிளீனர் இருந்தால் ஹெட்செட்டை அவர் காதில் மாட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். அவருக்கு ஏ.என்.சி. உள்ளதாகவே வாங்கிக் கொடுக்கலாம்.